திரையில் செத்தவருக்கு அழுகை! லாக்கப்பில் செத்தவருக்கு மௌனமா?

 

2025 ஏப்ரல் மாதம். ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் நம் சமுதாயத்துப் பெரியவர் ஒருவரின் கடை. காப்பித்தூள், மிளகு, ஏலக்காய், தைலம் விற்கிற கடை. அஸர் தொழுகை முடிந்து அங்கே போய் உட்கார்ந்தேன். கல்லாவில் அவருடைய மகன் இருந்தான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. எப்போதும் சிரித்த முகம். அன்று அந்த முகம் தொங்கிப் போயிருந்தது.

“என்ன தம்பி, ஒரு மாதிரி இருக்கே?”

“ஏ.சி.பி. சாப் போயிட்டாரு பாய்.”

எனக்குத் திக்கென்றது. ‘இன்னா லில்லாஹி’ என்று வாயெடுத்துவிட்டேன். “எந்த ஊரு அதிகாரி தம்பி? எப்போ மௌத்து?” என்று கேட்டேன். அவன் கைப்பேசியை என் பக்கம் திருப்பினான். படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. செத்தவர் எந்த ஊர் அதிகாரியும் இல்லை! சோனி தொலைக்காட்சியின் சி.ஐ.டி. தொடரில் வருகிற ஏ.சி.பி. பிரத்யுமன்! அந்த வேடத்தில் நடிக்கும் சிவாஜி சாட்டம் நலமாக மும்பையில் இருக்கிறார். கதையில் வைத்த குண்டு வெடித்து, கதையில் வந்த அதிகாரி செத்துப் போனார். அதற்கு இங்கே, சேர்வராயன் மலையில், ஒரு முஸ்லிம் இளைஞனின் கண் கலங்கி நிற்கிறது!

சகோதரனே! இதைப் படித்துவிட்டு நீ சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாத ஒன்று இதற்குள் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இருபது ஆண்டு உறவு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளையின் கண்ணீர் பொய்யில்லை.

சி.ஐ.டி. தொடர் 1998 ஜனவரி 21 அன்று தொடங்கியது. 2018 அக்டோபர் 27 வரை ஓடியது. இருபது ஆண்டுகள்! ஆயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட பாகங்கள்! ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 டிசம்பரில் மறுபடியும் தொடங்கினார்கள். சேலத்திலும் ஏற்காட்டிலும் உருது பேசும் நம் வீடுகளில் இந்தி நிகழ்ச்சிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. பாட்டி பாய் விரித்து உட்கார, பேரன் மடியில் படுக்க, கடையடைத்துவிட்டு வந்த தகப்பனார் சோற்றுத் தட்டோடு வந்து சேர, வாரக் கடைசியில் குடும்பமே பார்த்த தொடர் அது. பிரத்யுமன் கையைச் சுழற்றி யோசிப்பதும், தயா கதவை உடைப்பதும், அபிஜித் துருவித் துருவிக் கேட்பதும் அந்தப் பிள்ளைக்கு அவனுடைய பிள்ளைப் பருவமேதான். அந்தத் தொடரில் ஃப்ரெடரிக்ஸாக வந்து சிரிக்க வைத்த தினேஷ் பட்னிஸ் 2023 டிசம்பரில் உண்மையாகவே காலமானபோது நாடெங்கும் எத்தனையோ வீடுகளில் துக்கம் நிறைந்தது. அது மனித இயல்பு. அதில் குற்றம் காண நான் வரவில்லை.

போலீஸ் கதைகளால் நன்மையே இல்லை என்று சொல்வதும் நியாயமாகாது. 1989இல் தூர்தர்ஷனில் ‘உடான்’ என்று ஒரு தொடர் வந்தது. கல்யாணி சிங் என்ற பெண் போராடி ஐ.பி.எஸ். அதிகாரியாகும் கதை. எழுதி, இயக்கி, நடித்தவர் கவிதா சௌத்ரி. அவருடைய சொந்த அக்காள் காஞ்சன் சௌத்ரியின் வாழ்க்கைதான் அந்தக் கதைக்கு அடிப்படை. அந்தக் காஞ்சன் 2004இல் உத்தராகண்ட் மாநிலத்தின் டி.ஜி.பி. ஆனார். இந்தியாவில் ஒரு மாநிலக் காவல்துறைக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான். 2024 பிப்ரவரியில் கவிதா காலமானபோது, அந்தக் கல்யாணியைப் பார்த்து வளர்ந்த பெண்கள் மனம் உருகினார்கள். பயனுள்ள பாசம் அது. ஒரு தலைமுறைப் பெண்களுக்கு ‘நம்மாலும் முடியும்’ என்று சொல்லிக்கொடுத்த பாசம்.

ஆகவே என் கேள்வி, தொடர் பார்க்கலாமா கூடாதா என்பதல்ல. இந்தப் பாசம் நமக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது? நம்மிடமிருந்து எதைப் பறிக்கிறது? இதுதான் என் கேள்வி.

நாற்பது நிமிட நீதி

கொஞ்சம் நினைவுபடுத்திப் பார். சி.ஐ.டி. தொடரில் ஒரு கொலை நடக்கிறது. சந்தேகப்பட்டவனை இழுத்து வருகிறார்கள். அவன் “எனக்கு ஒன்றும் தெரியாது” என்கிறான். கன்னத்தில் ஓர் அறை விழுகிறது. உண்மையைக் கக்கிவிடுகிறான். உனக்குத் தூக்குதான் என்று ஏ.சி.பி. அங்கேயே சொல்லிவிடுகிறார். கதை முடிந்தது. நாற்பது நிமிடத்தில் நீதி கிடைத்துவிட்டது. நாமும் நிம்மதியாகத் தூங்கப் போகிறோம்.

இதில் நீதிமன்றம் எங்கே? வக்கீல் எங்கே? மாஜிஸ்திரேட் எங்கே? பிடிபட்டவனின் தாய் எங்கே? எதுவும் இல்லை! விசாரிப்பவரும் போலீஸ், தீர்ப்புச் சொல்பவரும் போலீஸ்! வாரா வாரம் மூன்று பாடங்களை நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். போலீஸ் உடைக்கிற கதவுக்குப் பின்னால் குற்றவாளிதான் இருப்பான் என்பது முதல் பாடம். அறைந்தால்தான் உண்மை வரும் என்பது இரண்டாவது. பிடிபட்டவன் ஒப்புக்கொண்டால் வழக்கு முடிந்தது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் திரைக்கு வெளியே வைத்துப் பார்ப்போமா?

கதவு

தயா கதவை உடைத்தால் கைதட்டுகிறோம். அதை வைத்து எத்தனை நகைச்சுவை! எத்தனை கேலிப்படம்! ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்கிறேன்: உடைபட்ட நிஜக் கதவுகளைப் பற்றி உனக்குத் தெரியுமா?

உன் கடைக்கு மிளகும் காப்பிக்கொட்டையும் பலாப்பழமும் சுமந்து வருகிறார்களே, மலையாளி மக்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல. இந்த மலையையே ஆண்டு அனுபவித்த பழங்குடி மக்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பதே அவர்களை முன்னிட்டுத்தான். தமிழ்நாட்டில் அப்படி ஒதுக்கப்பட்டவை இரண்டே தொகுதிகள். ஒன்று சேந்தமங்கலம், மற்றொன்று ஏற்காடு. சேர்வராயன் மலைக்கு அடுத்து, தருமபுரி மாவட்டத்தில் நிற்பது சித்தேரி மலை. அங்கேயும் அதே மக்கள்தான். அந்த மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்றொரு சிற்றூர்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்த ஊருக்குள் ஒரு படை நுழைந்தது. வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர். கதவுகள் உடைந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன. தானியம் பாழாக்கப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். பாதிக்கப்பட்ட பெண்களையே கைது செய்து, ஏற்காடு அடிவாரத்திலிருக்கும் சேலத்துக்குக் கொண்டுவந்து சிறையில் அடைத்தார்கள்!

அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றுதான் அதிகாரிகள் முதலில் சாதித்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் இடதுசாரிகளும் விடாமல் போராடினார்கள். வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று, பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்து போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள்! ஒருவர்கூட விடுதலையாகவில்லை! 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

சகோதரனே! நாற்பது நிமிட நீதியையே பார்த்துப் பழகிய உனக்கு, முப்பத்தொரு ஆண்டு நடந்த நீதியைப் பற்றித் தெரியுமா? பிரத்யுமனுக்காகக் கலங்கிய கண், உன் கடைக்கு எதிரே மூட்டையை இறக்கி வைக்கும் அந்தத் தாயின் இனத்துக்காக ஒரு நாளாவது கலங்கியதா?

அறை

இப்போது அறைக்கு வருவோம். வணிகப் பெருமக்களே! இதை நீங்கள் கூர்ந்து படியுங்கள்.

2020 ஜூன் 19. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். கைப்பேசிக் கடை நடத்திய பென்னிக்ஸ், அவருடைய தகப்பனார் ஜெயராஜ். கொரோனா ஊரடங்கில் நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். இரவு முழுவதும் அடித்தார்கள். பிறகு கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தகப்பனார் இறந்தார். பின்னால் விசாரித்த சி.பி.ஐ. என்ன சொன்னது தெரியுமா? அவர்கள் ஊரடங்கையே மீறவில்லை என்றது! செய்யாத குற்றத்துக்கு இரண்டு உயிர்கள்! நாமும் கடை வைத்திருப்பவர்கள்தானே! கதவை இறக்கக் கால் மணி நேரம் தாமதமாகாத கடை உண்டா?

அந்த ஸ்டேஷனில் கண்காணிப்புக் கேமரா இருந்தது. ஆனால் பதிவான காட்சி அன்றன்றைக்கே அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அதைப் பதிவு செய்தார். கடைப்பக்கத்துக் கேமராதான் பேசியது. போலீசார் எழுதிய முதல் தகவல் அறிக்கை ஒரு கதை சொன்னது. கடைத்தெருக் காட்சி வேறு கதை சொன்னது.

அந்த ஸ்டேஷனில் ஒரு பெண் காவலர் இருந்தார். தலைமைக் காவலர் ரேவதி. தன் கண்ணால் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் அச்சத்தையும் மீறிச் சொன்னார். கூட வேலை பார்ப்பவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்வது சாதாரணக் காரியமா? போலீஸ் வீரம் என்றால் இதுவல்லவா வீரம்! ‘உடான்’ கல்யாணியைத் திரையில் பார்த்தோம். நிஜக் கல்யாணி சாத்தான்குளத்தில் நின்றார். அவருடைய படத்தை நம் இளைஞர்களில் எத்தனை பேர் கைப்பேசியில் வைத்திருக்கிறோம்?

ஐந்தாண்டு கழிந்தது. 2025 ஏப்ரலில் திரையில் பிரத்யுமன் செத்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 28 அன்று சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கத்து மடப்புரத்தில் அஜித்குமார் செத்தார். கோயில் காவலாளி. 27 வயது. காரிலிருந்த நகை காணோம் என்று ஒரு புகார். வழக்குப் பதிவுகூட இல்லாமல் தனிப்படையினர் பிடித்துக்கொண்டு போய் அடித்தார்கள். உடலெங்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். அடிப்பதை ஒருவர் மறைந்திருந்து படம் பிடித்தார். அந்தப் படம் இல்லையென்றால் அந்தச் சாவும் ‘வலிப்பு வந்து விழுந்தான்’ என்று முடிந்திருக்கும்.

அறைந்தால் உண்மை வரும் என்கிறது திரை. மடப்புரத்தில் அடித்தார்கள். நகை வந்ததா? உயிர்தான் போனது!

வாக்குமூலம்

மூன்றாவது பாடம், ஒப்புக்கொண்டால் வழக்கு முடிந்தது என்பது. இது நம் சமுதாயத்தின் நெஞ்சில் நேராகப் பாய்ந்த பாடம்.

2002 செப்டம்பரில் குஜராத்தில் அக்ஷர்தாம் கோயில் தாக்கப்பட்டது. அப்பாவி மக்கள் கொல்லப்பட்ட கொடுமை அது. அதைச் செய்தவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் நடந்தது என்ன? ஓராண்டு கழித்து, 2003 ஆகஸ்டில், முஃப்தி அப்துல் கய்யூம் உட்படச் சிலரைப் பிடித்தார்கள். அவர்களே ஒப்புக்கொண்டதாக வாக்குமூலங்கள் தயாராயின. 2006இல் பொடா நீதிமன்றம் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2010இல் உயர்நீதிமன்றமும் அதையே சொன்னது. 2014 மே 16 அன்று உச்சநீதிமன்றம் ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது. அந்த வாக்குமூலங்களை நம்ப முடியாது என்று தள்ளியது. விசாரணை நடந்த விதத்தையும் கடுமையாகச் சாடியது.

பதினோரு ஆண்டுகள்! உனக்குத் தூக்குதான் என்று ஏ.சி.பி. சொல்லும்போது நாம் கைதட்டினோமே, அதே வார்த்தையை ஒரு குற்றமற்ற முஃப்தியிடம் நிஜமாகவே சொன்னார்கள். அவர் கழுத்தைக் காத்தது எது? நாம் திரையில் பார்க்கவே பார்க்காத அந்த நீதிமன்றம்! நாம் பெயர்கூடக் கேள்விப்படாத வக்கீல்கள்! அவரை நம்பி அலைந்த சொந்தபந்தங்கள்!

இங்கே நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2013இல் ‘விஸ்வரூபம்’ படம் வந்தபோது முஸ்லிம்களைத் தவறாகக் காட்டுகிறது என்று நம் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. நம் பெயரும் நம் தொப்பியும் திரையில் குற்றவாளியின் அடையாளமாகும்போது நமக்கு வலிக்கிறது. ஆனால் யாரோ பெயர் தெரியாத ஒருவன் அதே திரையில் கன்னத்தில் அறை வாங்கும்போது நமக்கு ஏன் வலிப்பதில்லை? சந்தேகப்பட்டவனை அறையலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், நாளைக்கு அந்தச் சந்தேகம் யார் மேல் விழும் என்பதை யார் முடிவு செய்வார்கள்? நாமா முடிவு செய்வோம்? பெருநாளைக்கு நமக்கு ஒரு சட்டை, மற்ற நாளைக்கு ஊராருக்கு ஒரு சட்டை என்று நீதியைத் தைக்க முடியாது சகோதரனே!

அமெரிக்காவும் தப்பவில்லை

இந்த நோய் நம் ஊரோடு நிற்கவில்லை. போலீஸ் தொடர்களுக்கெல்லாம் தாய்வீடு அமெரிக்கா. அங்கே 1951இல் ‘டிராக்நெட்’ என்ற தொடர் தொலைக்காட்சிக்கு வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீசின் வழக்குக் கட்டுகளிலிருந்து கதை எடுத்தார்கள். போலீஸ் துறையே கூட இருந்து உதவியது, கதையைப் பார்த்து ஒப்புதல் தந்தது. துப்பறியும் ஜோ ஃப்ரைடேயாக நடித்தவர் ஜேக் வெப். அவர் அணிந்த பேட்ஜின் எண் 714. மக்கள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். 1982 டிசம்பரில் வெப் இறந்தபோது, அந்த 714 என்ற எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று நிஜப் போலீஸ் துறையே அறிவித்தது. நடிகருக்கு நிஜ அதிகாரிக்கு உரிய மரியாதை!

அதே லாஸ் ஏஞ்சல்ஸ். அதே போலீஸ். 1962 ஏப்ரல் 27 அன்று அங்கே ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தின் பள்ளிவாசலில் புகுந்து சுட்டார்கள். கையில் ஆயுதமே இல்லாத ரொனால்ட் ஸ்டோக்ஸ் கொல்லப்பட்டார். மால்கம் எக்ஸ் நேரில் போய் நியாயம் கேட்டார். சுட்டது நியாயம்தான் என்று முடித்துவிட்டார்கள். 1991 மார்ச் 3 அன்று ரோட்னி கிங் என்ற கறுப்பின மனிதரை அதே போலீசார் நடுரோட்டில் அடித்துத் துவைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. ஆனாலும் 1992 ஏப்ரலில் நீதிமன்ற ஜூரிகள் அவர்களைத் தண்டிக்கவில்லை. நகரம் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஏன் இப்படி என்று யோசி. நாற்பது ஆண்டு காலம் வீட்டுக்கு வீடு வந்த நல்ல போலீஸ்காரரின் முகம், நிஜப் போலீசின் தடிக்கும் திரையாகிவிட்டது. “நம் ஜோ ஃப்ரைடே இப்படிச் செய்வாரா?” என்ற நம்பிக்கைதான் நிஜக் குற்றத்துக்குப் பாதுகாப்பு. நம் ஊரிலும் கேட்டிருப்பாயே, “போலீஸ் சும்மா பிடிப்பானா? ஏதாவது செய்திருப்பான்.” இந்தப் பேச்சு எங்கே பிறந்தது? வாரா வாரம் பார்த்த திரையில்தான் பிறந்தது!

“கதைதானே பாய்?”

இதையெல்லாம் அந்தக் கடையிலேயே நான் சொன்னேன். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டான். பிறகு ஒரு வார்த்தை சொன்னான்.

“கதைதானே பாய்? நிஜத்துல நல்ல போலீஸ் கிடைக்கலேன்னுதானே திரையில பார்த்து ஆறுதல் தேடுறோம்?”

அவனுடைய தகப்பனார் மூட்டையைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனேன். ஏனென்றால் அவன் சொன்னது உண்மை!

அந்தப் பாசம் போலீஸ் மேல் வைத்த பாசம் இல்லை. நீதியின் மேல் வைத்த பாசம். லஞ்சம் வாங்காத, பெரிய இடத்துக்குப் பயப்படாத, ஏழையின் பிணத்துக்கும் கணக்குக் கேட்கிற ஓர் அதிகாரி வேண்டும் என்று கோடிக்கணக்கான மக்கள் ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்துக்குத்தான் பிரத்யுமன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஏக்கத்தை நான் பழிக்க மாட்டேன். ஆனால் பசித்தவனுக்குப் பிரியாணிப் படத்தைக் காட்டினால் வயிறு நிறையுமா? அந்த ஏக்கமெல்லாம் கைப்பேசியிலேயே கரைந்து போகிறது. ஸ்டேஷன் வாசலுக்கு வந்து நிற்க வேண்டிய கோபம், நீதிமன்றத்துக்கு வந்து உட்கார வேண்டிய பொறுமை, வக்கீலுக்குக் கொடுக்க வேண்டிய காசு எல்லாம் ஒரு கதாபாத்திரத்துக்கான அழுகையில் தீர்ந்து போகிறது. இதைத்தான் வெட்கக்கேடு என்கிறேன்.

என்ன செய்யலாம்?

தொடரை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. பார்க்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வை. அந்த நேரத்தில் இவற்றைக் கற்றுக்கொள்.

ஒன்று: 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் கைது செய்யும்போது பின்பற்ற வேண்டிய விதிகளை வகுத்தது. கைது செய்ய வருபவர் தன் பெயர் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். தேதி, நேரம் போட்டுக் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். வக்கீலைச் சந்திக்க விட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இவற்றில் முக்கியமானவை இருக்கின்றன.

இரண்டு: பிடிக்கப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். யாரும் போடுகிற பிச்சை அல்ல இது. அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு தந்த உரிமை. பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட, 60 வயதைக் கடந்த ஆண்களையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் இருக்குமிடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

மூன்று: 2020 டிசம்பர் 2 அன்று, நாட்டிலுள்ள ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. உன் ஊர் ஸ்டேஷனில் கேமரா வேலை செய்கிறதா? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேள். பத்து ரூபாய்தான் கட்டணம்!

நான்கு: வணிகப் பெருமக்களே! உங்கள் கடைக் கேமராவின் பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தெருவைப் பார்த்து ஒரு கேமரா வையுங்கள். சாத்தான்குளத்தில் உண்மையைக் காட்டியது அப்படிப்பட்ட கேமராதான்.

ஐந்து: வக்கீலுக்குக் காசில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணை ஒவ்வொரு ஜமாஅத்தும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும். நமக்கு மட்டுமல்ல, மலையிலிருந்து இறங்கி வரும் அந்த மக்களுக்கும் சொல்லுங்கள். அவர்களுக்கு ஒரு வழக்கென்றால் கூடப் போய் நில்லுங்கள். அநீதிக்கு ஆளானவனின் இனம் என்ன, மதம் என்ன என்று கேட்டுவிட்டு வருகிற உதவி உதவியே அல்ல.

திரும்பி வந்தவரும் வராதவரும்

சில மாதம் கழித்து மறுபடியும் ஏற்காடு போனேன். அதே கடை. அந்தப் பிள்ளை தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

“பாய்! ஏ.சி.பி. சாப் சாகல! திரும்பி வந்துட்டாரு!”

ஆம், ரசிகர்கள் கொதித்ததற்கும் கதைக்காரர்களின் தேவைக்கும் ஏற்றபடி பிரத்யுமன் உயிரோடு வந்துவிட்டார். குண்டு வெடித்தும் சாகவில்லையாம்! நானும் சிரித்தேன். சந்தோஷம் தம்பி என்றேன்.

பிறகு கேட்டேன். “மடப்புரத்துப் பையன் அஜித்குமார் திரும்பி வந்துட்டானா தம்பி?”

அவன் சிரிப்பு நின்றது. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அவன் கையாலேயே எழுதியது. கைது செய்ய வந்தால் கேட்க வேண்டியவை என்று தலைப்பு. கீழே வரிசையாக எண் போட்டு எழுதியிருந்தான். கடைசி வரியில் 15100.

சகோதரனே! உன் கடைச் சுவரில் அந்தக் காகிதம் எப்போது ஏறும்?

சிந்திப்போம்! செயல்படுவோம்!